திருட்டு மூச்சு

கோயில் அலுவலகத்தில், தலைவரின் நாற்காலிக்கு மேலே, நான் எடுத்த படம் ஒன்று பல ஆண்டுகள் மாட்டியிருந்தது. ஈர உடம்போடு ஒருவர் பாறைமேல் முழங்காலிட்டிருப்பார். கையில் பித்தளைக் குடம். வாயோரத்திலிருந்து தாடைவரை இளஞ்சிவப்பு நுரை. கழுத்தில் கிடக்கும் மஞ்சள் துண்டில் அதன் கறை. படத்துக்குக் கீழே 'அம்மன் ஏற்றுக்கொண்ட அடையாளம்' என்று தலைவர் தங்க எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அது நுரையீரலில் கசிந்த இரத்தம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது. தலைவருக்குக் கடைசிவரை தேவைப்படவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு தமிழ் நாளிதழின் மலாக்கா நிருபர். கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, சங்கங்களின் ஆண்டுக் கூட்டம், அங்கே பறந்த நாற்காலிகள் ஆகியவை என் துறை. செய்தியை ஃபேக்ஸில் அனுப்புவேன். படச்சுருளை உறையில் போட்டு, கோலாலம்பூர் போகும் பேருந்தின் ஓட்டுநரிடம் கொடுத்துவிடுவேன்.

ஜாசின் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டம் அதற்குள் கைமாறிவிட்டது. பாதியில் செம்பனை, பாதியில் வீடமைப்பு. ஆட்கள் புக்கிட் பெருவாங், ஆயர் குரோ என்று தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். அம்மன் மட்டும் அங்கேயே இருந்தாள். ஆண்டுக்கு ஒரு காலை எல்லாரும் வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் திரும்பி வந்து, தாங்கள் அங்கிருந்து தப்பித்த ஆட்கள் என்பதை மறந்து பெருமூச்சு விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போய்விடுவார்கள்.

கரகத்துக்கு முன்பெல்லாம் ஓடையில்தான் தண்ணீர் எடுத்தார்கள். வீடமைப்புக்காரர்கள் ஓடையை மூடியதும், கோயிலுக்குப் பின்னால் கைவிடப்பட்டிருந்த கல்குவாரிக் குட்டைக்கு மாறினார்கள். மழைத்தண்ணீர் நிரம்பிய குட்டை. ஒரு பக்கம் மதில்போலச் செங்குத்தான பாறை. முதல் ஆண்டு, குடத்தை மொண்டு தூக்கும்போது பூசாரியின் கை வழுக்கிக் குடம் உள்ளே போய்விட்டது. கூட்டத்திலிருந்த ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்து எடுத்து வந்தார். தோட்டத்தில் பம்பு வீட்டு வேலை பார்த்தவர் அவர். ஆற்றில் பம்பு உறிஞ்சும் குழாயின் வலையில் இலை அடைத்துக்கொண்டால் முங்கி எடுப்பது அவர் வேலை. எட்டடி ஆழம். நெஞ்சு நிறையக் காற்றிருந்தால் உடம்பு மிதக்கும் என்பதால், "ஊ" என்று காற்றை முழுக்க வெளியே விட்டுவிட்டுத்தான் இறங்குவார். காற்றில்லாத உடம்பு கல்லாக இறங்கும். குவாரியிலும் அன்று அப்படித்தான் இறங்கினார்.

கை வழுக்கியது ஒரு பூசாரிக்கு. அதைத் தெய்வச் செயலாக்கியது தலைவர். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, பிறகு நான்கு லாரி வைத்துப் பெரிய மனிதரானவர். மாநில ஆளுநரின் பிறந்தநாள் பட்டியலில் தனக்கு ஒரு பட்டம் வரும் என்று ஒவ்வோர் ஆண்டும் பாத்தேக் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக் காத்திருந்தவர். மறு ஆண்டு அவர் குடத்தைத் தெரிந்தே இறக்கினார். அடுத்த ஆண்டு அதற்கு ஒரு சாங்கியம் வந்துவிட்டது. முங்குகிறவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "அம்மா" என்று ஒரே இழுப்பில், மூச்சு தீரும்வரை கூப்பிட வேண்டும். உடுக்கை அடிக்க அடிக்கக் கூட்டம் கூடவே எண்ணும். மூச்சு முழுக்க அம்மாவுக்குப் போன பிறகு, மறுபடி காற்றைத் தொடாமல் தலையை உள்ளே விட வேண்டும். நடுவில் ஒரு வாய் இழுத்தால் அதற்குப் பெயர் திருட்டு மூச்சு. அதைக் கண்காணிக்கச் செயலாளர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்துப் பாறையில் நின்று முங்குகிறவர் வாயையே உற்றுப் பார்ப்பார். முப்பது வருடம் பிள்ளைகள் காப்பியடிக்கிறார்களா என்று பார்த்த கண்.

குடத்தை ஆளுயரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்கி, அடியைத் தொட்டதும் சுருக்கை உருவிக் கயிற்றை மேலே எடுத்துவிடுவார்கள். கயிற்றோடே இழுத்தால் குடம் தானே வந்துவிடுமே என்று யாரும் கேட்டதில்லை. முதலில் பாறையின் படி ஒன்றில் மூன்று முடிச்சு ஆழத்தில் வைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் தீமிதிக்குக் கூட்டம் கூடியதும் நம்மவர்கள் நான்கு முடிச்சுக்குப் போனார்கள். பிறகு ஐந்து. நான் முதன்முதலாகப் படக்கருவியோடு போன ஆண்டில் ஆறு. தலைவர் என்னிடம், "முன்னோர் காலத்துலேர்ந்து வர்ற வழக்கம் தம்பி, நல்லா எழுதுங்க" என்றார். அந்தக் குவாரியில் வெடி வைத்த சத்தத்தை நானே கேட்டிருக்கிறேன். ஆனாலும் முன்னோர் காலத்து வழக்கம் என்றே எழுதினேன்.

அன்றைக்குத்தான் முதல் இரத்தம். ஒவ்வோர் ஆண்டும் முங்கியவர் அந்தப் பம்பு வீட்டுக்காரர்தான்; அவர் குடத்தோடு மேலே வந்து, பாறையில் ஏறி, இரண்டு முறை செருமினார். வாயில் நுரை. பெண்கள் குலவையிட்டார்கள். தலைவர் ஒரு கணம் தடுமாறினார், நான் பார்த்தேன். அடுத்த கணம் கையைத் தூக்கி, "அம்மா வாங்கிக்கிட்டா!" என்று கத்தினார். கூட்டம் அதைத் திருப்பிக் கத்தியது. மூன்று ஆள் தள்ளி நின்ற நான் படம் பிடித்தேன். ஒளி நன்றாக இருந்தது. நாளிதழ் பெரிதாகப் போட்டது. 'பக்தரின் வாயில் குருதி, பரவசத்தில் மக்கள்' என்று நானே தலைப்பும் எழுதி அனுப்பினேன். இத்தனை ஆண்டுத் தொழிலில் நான் எழுதிய மிகக் கேவலமான வரி அது.

மறு ஆண்டு ஏழு முடிச்சு. நாற்பதடிக்கு மேல். அந்த முறை அவர் மேலே வந்தபோது கண் செருகியிருந்தது. மூச்சு விட்டால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி நெஞ்சுக்குள் சத்தம். துண்டு முழுக்கச் சிவப்பு. கூட்டத்துக்குச் சென்ற ஆண்டைவிடப் பெரிய சந்தோஷம். அவரைக் கோயில் மண்டபத்தில் படுக்க வைத்து விபூதி பூசி, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்கள். துண்டை ஒரு தட்டில் வைத்து வரிசையாகத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

அவர் மனைவி வரிசையில் நிற்கவில்லை. மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை பார்க்கிறவர். சட்டென்று முடிவெடுக்கப் பழகியவர். வெளியே போய் யாரோ வந்திருந்த டாக்சியைக் கூப்பிட்டு வந்தார். "இப்ப தூக்குனா அம்மா குத்தம் ஆயிரும்" என்று செயலாளர் தடுத்தார். "குத்தம் எம்மேல வரட்டும் சார். நீங்க அவரு கால மட்டும் புடிங்க" என்றார். செயலாளர் பிடிக்கவில்லை. நான் பிடித்தேன். அதற்காகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. படம் எடுத்து முடித்திருந்தேன்.

அரசாங்க மருத்துவமனையில் அவரைப் பார்த்தவர் இளம் மலாய் மருத்துவர். அதற்கு முன் கடற்படையில் முக்குளிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை முறை என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், இறங்கும் முன் நெஞ்சில் எவ்வளவு காற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டுத்தான் என்றேன். பேனா நின்றது. ஏன் என்று கேட்டார். வழக்கம் என்றேன். அந்தச் சொல்லை அவ்வளவு அசிங்கமாக நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை.

மறுநாள் தலைவரும் செயலாளரும் ஹார்லிக்ஸ் புட்டியோடு வார்டுக்கு வந்திருந்தபோது மருத்துவரும் வந்தார். மேசைமேல் இருந்த மைலோ பானப் பெட்டியை எடுத்து, குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். பெட்டியின் பக்கங்கள் உள்ளே ஒடுங்கின. ஆழத்தில் தண்ணீர் நெஞ்சை இப்படித்தான் அழுத்தும் என்றார். உள்ளே காற்று நிறைய இருந்தால் அந்தக் காற்று சுருங்கி இடம் கொடுக்கும். காற்றை முன்னாலேயே கொடுத்துவிட்டால் சுருங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆனால் அழுத்தம் நிற்காது. அப்போது அந்த வெற்றிடத்தை நிரப்ப இரத்தம் நுரையீரலுக்குள் இழுபடும், மெல்லிய நாளங்கள் கிழிந்து கசியும். எட்டடியில் தப்பிக்கலாம். முப்பது, நாற்பதடியில் இரண்டு முறை தப்பித்தது அதிர்ஷ்டம். மூன்றாவது முறை தன் இரத்தத்திலேயே மூழ்கலாம். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் பஞ்சு ஒட்டியது போல் வெள்ளை. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

நான் மொழிபெயர்த்தேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். மருத்துவர் போனதும், "படிச்ச பையன். ஆனா அம்மாவப் பத்தி அவருக்கு என்னா தெரியும்" என்றார். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, "நல்லா ரெஸ்ட் எடு தம்பி. அடுத்த வருசம் எட்டு முடிச்சு போடலாம்னு பேசிக்கிட்டிருக்கோம். ஒய்.பி. வர்றாரு லா" என்றார், தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைச் சொல்லி.

"எட்டா?" என்றார் மனைவி. "லாரியில கல்லு ஏத்துற மாதிரி ஏத்திக்கிட்டே போறீங்க?"

"ரத்தம் வந்தா அம்மா ஏத்துக்கிட்டான்னு அர்த்தம்மா. எத்தன பேருக்குக் கெடைக்கும் அது?"

"அப்ப ஒங்களுதையும் கொஞ்சம் ஏத்துக்கச் சொல்லுங்க தலைவரே. ஒங்ககிட்ட நெறய இருக்கு."

"பொம்பளைங்க இதுல பேசக்கூடாதும்மா" என்றார் செயலாளர்.

"அவளும் பொம்பளதானே சார், சாமி?"

கட்டிலில் இருந்தவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடி வந்து எல்லாரையும் வெளியே அனுப்பினார். தாழ்வாரத்தில் தலைவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "துண்டு நல்லா வந்திருக்கா, படத்துல?"

பேருந்து நிறுத்தத்தில் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். "படம் புடிச்சு ஊருக்கெல்லாம் காட்டுனது நீங்கதானே அண்ணே? இப்ப டாக்டர் சொன்னதையும் எழுதுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. பேப்பர்ல வந்தாத்தான் உண்மன்னு நெனைப்பாங்க, நம்ம ஆளுங்க."

எழுதினேன். மருத்துவர் சொன்னபடி, மைலோ பெட்டி உட்பட. ஆசிரியர் குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "விழா முடிஞ்சிருச்சே லா, இப்ப எதுக்கு? அடுத்த வருசம் விழாவுக்கு முன்னாடி போடுவோம்." அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் மறுபடி அனுப்பினேன். அதே ஆள். "விழா நேரத்துல போயி இதையா போடுறது? அவங்க முழுப் பக்க வாழ்த்து வேற குடுக்குறாங்க." இரண்டு பதிலையும் அவர் ஒரே குரலில், கொஞ்சமும் கூசாமல் சொன்னார். நானும் வேலையை விட்டுவிடவில்லை.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு புக்கிட் பெருவாங்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் மனைவி சீருடையை மடித்துக்கொண்டிருந்தார். கணவர் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுரை வராது என்றேன். மனைவி மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தார்.

"போகாதீங்க" என்றேன் கணவரிடம்.

"எக்ஸ்ரே சுத்தமா இருக்குன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"அதுக்கப்புறம் என்னா சொன்னாரு?" என்றார் மனைவி. "அதையும் சொல்லுங்க."

"போகாம இருந்தா நல்லதுன்னாரு."

"ஆங்."

கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "அண்ணே, நான் ஃபேக்டரியில என்னா பண்றேன் தெரியுமா? மிஷினுக்கு அடியில படுத்து எண்ணெ தொடைக்கிறேன். சூப்பர்வைசர் பையன் என்னய காலால தட்டித்தான் கூப்பிடுவான். வருசத்துல ஒரு நாளு மால போடுறாங்க. அண்ணே வாங்க, அண்ணே இப்பிடி நில்லுங்கன்றாங்க."

"மாலைய நான் வாங்கிப் போடுறேன்" என்றார் மனைவி.

"நீ போட்டா எவன் கைதட்டுவான்?"

எனக்கு அவர் மீதும் எரிச்சல்தான் வந்தது. தலைவரின் முட்டாள்தனம் லாபம் தருவது. இவருடையது நுரையீரலைக் கேட்பது. அதற்குக் கூலி ஒரு செவ்வந்தி மாலை. ஆனால் அவர் சொன்ன அடுத்த வார்த்தை நான் எதிர்பாராதது.

"நெஞ்சு நெறய மூச்சு இழுத்துட்டுத்தான் எறங்கப் போறேன். இவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"செயலாளர் பார்த்துக்கிட்டு நிப்பாரே. திருட்டு மூச்சும்பாரு."

"என் மூச்சுதானே அண்ணே? நான் யாருகிட்ட திருடுறேன்?"

விழாக் காலை ஒய்.பி. வந்தார். அவருக்குக் குடை பிடிக்க இருவர். கயிற்றில் எட்டாவது முடிச்சு புதிதாகப் போட்டது, மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்தது. பாறை விளிம்பில், பெண்கள் நிற்கும் பக்கத்தை விட்டு ஆண்கள் பக்கத்தில், மனைவி நின்றார். கையில் புது மஞ்சள் துண்டு. யாரோ ஒருவன், "அக்கா, அந்தப் பக்கம் போங்க" என்றான். "அங்கேர்ந்து பாத்தா தெரியல" என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே.

கணவர் கழுத்தில் போட்ட மாலையோடே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். உடுக்கை தொடங்கியது. "அம்மா" என்று கூப்பிட்டார். கூட்டம் எண்ணியது. சென்ற ஆண்டு எண்ணியதில் பாதிகூட வரவில்லை, குரல் நின்றது. பிறகு அவர் வாயை அகலத் திறந்து, ஒரு மூச்சு இழுத்தார். ஒளித்து இழுக்கவில்லை. நான் நின்ற இடம்வரை சத்தம் கேட்டது. விலா எலும்புகள் விரிந்து வயிறு உள்ளே போவதை எல்லாரும் பார்த்தார்கள். செயலாளர், "டேய்!" என்றார், நாற்பது வயது மனிதரைப் பார்த்து. அதற்குள் தலை உள்ளே போய்விட்டது.

காற்றோடு போனதால் கல்லாக இறங்க முடியவில்லை. முதல் சில அடிகளுக்குப் பாறையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துத் தன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. பிறகு பச்சைத் தண்ணீர் மூடிக்கொண்டது. உடுக்கைக்காரர் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் செயலாளரைப் பார்த்தார். "திருட்டு மூச்சு, திருட்டு மூச்சு" என்று முணுமுணுப்பு பரவியது. மனைவி கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்தது. எண்ணினார் என்று நினைக்கிறேன், கும்பிடவில்லை.

முதலில் குடம் வந்தது. பிறகு கை. பிறகு தலை. பாறையைப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை நன்றாக மூச்சு வாங்கினார். செருமினார். நான் படக்கருவியைக் கண்ணில் வைத்திருந்தேன். அவர் துப்பினார். வெறும் எச்சில்.

குலவை வரவில்லை. தலைவரின் கை பாதி உயர்ந்து அங்கேயே நின்றது. செயலாளர் பாறையிலிருந்து இறங்கி வந்து, "வாயைத் தெற" என்றார். அவர் திறந்தார். செயலாளர் குனிந்து, நாக்குக்கு அடியில் வரைக்கும் பார்த்துவிட்டு, தலைவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரத்தம் இல்லை என்று ஒரு கூட்டமே வருத்தப்பட்டதை என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான் பார்த்தேன். பின்னால் ஒரு பெண் குரல், "ஐயோ, இந்த வருசம் ஏத்துக்கலியே" என்றது. உண்மையான துக்கம்.

மனைவி பாறையில் இறங்கிப் போனார். துண்டால் கணவரின் வாயை, மூக்கை அழுத்தித் துடைத்தார். துண்டைப் பிரித்துப் பார்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார். பிறகு அதை அவர் தோளில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

ஒய்.பி. பக்கத்தில் இருந்தவரிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்விதான் தலைவருக்குத் தாங்கவில்லை. முகம் கறுத்து, குடத்தை முங்கியவர் கையிலிருந்து பிடுங்கினார். "தம்பி, மொறயா பண்ணு. அம்மாகிட்ட வெளையாடாத" என்று சொல்லிக் குடத்தைத் திரும்பவும் தண்ணீருக்குள் வீசினார். கயிறில்லாமல், முடிச்சில்லாமல், குட்டையின் நடுவில். அது ஒரு முறை சாய்ந்து, தண்ணீரைக் குடித்து, போய்விட்டது. அங்கே எவ்வளவு ஆழம் என்று குவாரிக்காரர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

எல்லாரும் முங்கியவரைப் பார்த்தார்கள். அவர் குட்டையின் நடுவைப் பார்த்தார். மறுபடி முங்கிவிடுவார் என்றே நினைத்தேன். கை விரல்கள் மடங்கி விரிந்தன. மனைவி அவர் கையைப் பிடிக்கவில்லை.

பிறகு கழுத்து மாலையைக் கழற்றிப் பாறைமேல் வைத்தார். சட்டையைத் தேடி எடுத்து, ஈர உடம்போடு பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். "சாவி ஒங்கிட்டயா இருக்கு?" என்று மனைவியிடம் கேட்டார். இருவரும் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள். அதுவரை "அண்ணே, அண்ணே" என்ற இளைஞர்களில் ஒருவரும் வழிவிட்டு ஒதுங்கவில்லை. வண்டிதான் சுற்றிப் போனது.

அங்கே கூடியிருந்த இருநூறு பக்தர்களில் அந்தத் தண்ணீரில் முங்கத் துணிந்தவர் வேறு ஒருவரும் இல்லை. கடைசியில் சமையல் கொட்டகையிலிருந்து ஒரு எவர்சில்வர் குடத்தைக் கொண்டுவந்து, கழிப்பறைப் பக்கத்துக் குழாயில் பிடித்து, வேப்பிலை செருகிக் கரகம் எடுத்தார்கள். ஒய்.பி. அதற்கும் கைதட்டினார்.

'கரகம் குழாய் நீரால் நிரப்பப்பட்டது' என்ற வரியோடு செய்தி அனுப்பினேன். 'விழா வெகு சிறப்பாக நடைபெற்றது' என்று வந்தது. சுத்தமான துண்டோடு அவர் நிற்கும் படத்தில் என்ன விசேஷம் என்று கேட்டார்களாம். அதன் பிரதி ஒன்றை மனைவியிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "பழைய படத்த அங்கேர்ந்து எடுக்கச் சொல்லுங்கண்ணே" என்றார். சொன்னேன். தலைவர் எடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு, விழாவுக்கு ஒரு மாதம் முன்பு, தலைவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் தேனாக இருந்தது. "தம்பி, நீங்க நாலு எடம் போறவரு. செர்காம் பக்கம் மீன்புடி ஆளுங்க இருக்காங்களே, அவங்கள்ல நல்லா முங்குற ஆளு யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க. நம்ம சாமின்னு இல்ல, எந்தச் சாமி கும்புடுறவனா இருந்தாலும் பரவால்ல லா. அம்மான்னு கூப்பிடத் தெரிஞ்சாப் போதும்."

மூச்சு விட்டுவிட்டு இறங்க வேண்டுமா என்று கேட்டேன்.

"அது நம்ம வழக்கமில்லையா" என்றார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. என் தொழிலில் நான் வேண்டுமென்றே செய்யாமல் விட்ட வேலை அது ஒன்றுதான்.